சோற்றுருண்டைக்குள் என்ன?

இத்தாலியின் பலெர்மோ நகரில், தெருச் சாப்பாடு சுவைத்தபடி ஊர் சுற்றிப் பார்க்கும் நடைச் சுற்றுலாவுக்குக் கணவருடன் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டோம் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

பழைய தேவாலயத்தடியில் அவள் கடைக்காரனிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, கடலைமாப் பொரியல் என்று ஒன்றை நீட்டினாள். எனக்கு அந்தக் கிசுகிசுப்புப் பிடிக்கவில்லை; எதையோ மறைக்கிறாள் என்று பட்டது. வாங்கவில்லை.

அடுத்த கடையில் பொன்னிறச் சோற்றுருண்டைகள். நானே ஒன்று வாங்கினேன்.

"அவளைக் கேட்டுப்போட்டுச் சாப்பிடுமன்," என்றார் கணவர்.

"சோத்துக்குள்ள என்னப்பா இருக்கப்போகுது?"

வாயருகே கொண்டுபோனபோது அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். உருண்டை விழுந்து பிளந்தது. உள்ளே அரைத்த மாட்டிறைச்சி.

கனடாவில் எங்கள் ஊரான ஸ்காபரோவுக்குத் திரும்பியபின் எதையும் பிய்த்துப் பார்த்தே சாப்பிடுகிறேன். போன வெள்ளி கோயிலில் தந்த மோதகத்தையும் பிய்த்தேன். ஐயர் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.