ரோஸலின் போட்டிருந்த பஃப் கை

போன சனிக்கிழமை காலை. பாதி காபி டம்ளரில் இருக்கும்போது போன் அடித்தது.

"சார், நீங்க எழுதினீங்களே... மைப்புட்டியைக் கவுத்த மகானுபாவன்னு. அது நான்தான் சார். கிழக்குத் தாம்பரத்துலேருந்து பஷீர் பேசறேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

இரண்டு வாரம் முன்பு இதே பக்கத்தில் ரோஸலினைப் பற்றிப் புலம்பியிருந்தேன். என் பள்ளிக்கூட நாட்களின் காமிக்ஸ் நாயகி. ஹெலிகாப்டரில் தொங்குவாள், முதலையோடு மல்லுக்கட்டுவாள், லிப்ஸ்டிக் மட்டும் கலையவே கலையாது. சமீபத்தில் வெளிநாட்டு ஒரிஜினல் ஒன்று கிடைத்ததில் குட்டு உடைந்தது. அங்கே அவள் போட்டிருப்பது கையே இல்லாத சட்டை, அரையடிப் பாவாடை. நம்ம ஊரில் அச்சிட்டவர்கள் அதன்மேல் கறுப்பு மையால் கை வரைந்து, பாவாடையை இழுத்து நீட்டி, கழுத்தை மூடியிருக்கிறார்கள்!

அந்தக் காலத்து வழக்கம் அது. வெளிநாட்டுப் படம் காமிக்ஸ் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலை நாயகிக்குத் துணி போடுவதுதான். பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

நான் சும்மா இருப்பேனா? மகா ஓவியனின் கோட்டழகை மைப்புட்டி கவிழ்த்துக் கெடுத்த மகானுபாவன், ரசனை கெட்ட வேலை... என்று பேனா போன போக்கில் எழுதித் தள்ளிவிட்டேன். என் வாய்க்கொழுப்பு உங்களுக்குத்தான் தெரியுமே.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க..."

"என்னை இன்னா வேணா சொல்லுங்க சார். பேஜார் இப்ப வூட்டுல. எனக்குக் கண்ணுல புரை. உங்க பத்தியை வூட்டுக்காரம்மாதான் படிச்சுக் காட்டும். அன்னிக்குப் பாதியில மூடி வெச்சிடுச்சு. நான் வரைஞ்ச பிரிண்ட் எல்லாத்தையும் கட்டி வாசல்ல போட்டுகீது. பழைய பேப்பர்காரன் இன்னிக்கு மத்தியானம் வருவான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

ரோஸலின் படக்கட்டு பழைய பேப்பருக்கா? மனசாட்சி பாதி, பேராசை பாதி. மடிப்பாக்கத்திலிருந்து வண்டியைக் கிளப்பினேன். வேளச்சேரி ரோடு முழுக்க சாஃப்ட்வேர் கம்பெனி வேன்கள். சனிக்கிழமைகூட இவர்களுக்கு லீவு கிடையாதா?

பாய் வீட்டு வாசலில் சணல் கயிறு போட்ட கட்டு, முழங்கால் உயரத்துக்கு. உள்ளே தையல் மிஷின் முன்னால் பாயின் மனைவி மெஹருன்னிசா, கழுத்தில் இஞ்ச் டேப்போடு உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். சிரிப்பு இல்லை. பாய் ஒரு மூலையில் ஸ்டூலைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பாயைப் பத்தி அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"அவரைப் பத்தியா எழுதினீங்க? அந்தச் சட்டையெல்லாம் நான் சொல்லி அவரு வரைஞ்சது."

பாய் மெல்ல ஆரம்பித்தார். "எனக்கு முகம் வரும் சார், துணி வராது. ஆபீஸ்ல மூடுன்னுவாங்க, எப்படின்னு சொல்ல மாட்டாங்க. பிரிண்டை வூட்டுக்கு எடுத்துகினு வந்துருவேன். இது தைச்சுக்கினே சொல்லும், நான் வரைவேன்."

அந்த அம்மா எழுந்துபோய்க் கட்டைப் பிரித்து, ஒரு பக்கத்தை உருவி என் முன்னால் வைத்தார்.

"பாருங்க, கயிறு புடிச்சு ஏறுறா. இவரு முதல்ல மணிக்கட்டு வரைக்கும் டைட்டா கை போட்டுட்டாரு. கையைத் தூக்கினா அக்குள்ல கிழியாதா? ஏறுவாளா, சட்டையைப் புடிச்சுக்குவாளா? அதான் தோள்ல சுருக்கு வெச்சு பஃப் போடச் சொன்னேன். பாவாடைக்கு சைடுல ஸ்லிட். ஓடணும்ல? ஒருவாட்டி ஆபீஸ்ல புடவையே கட்டிவிடச் சொன்னாங்க. முதலைகிட்ட புடவையோட போனா பொண்ணு செத்தே போயிடும்னு நான் ஒத்துக்கல."

அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஓவியர் பார்க்கிறவனை நினைத்து வரைந்தார். இந்த அம்மா ஓடுகிறவளை நினைத்து உடை கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷ வாசகன், இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"எங்க தெருப் பொண்ணுங்க அந்த புக்கை டெய்லர்கிட்ட காட்டி இதே மாதிரி கை வெக்கச் சொல்லுவாங்கம்மா" என்றேன். பொய்யில்லை, என் அக்காவே அழுது அடம்பிடித்துத் தைத்துக்கொண்டாள்.

முதல்முறையாக அந்த முகம் மலர்ந்தது. "என்கிட்டயே கொண்டுவந்து காட்டியிருக்காங்க தம்பி! நான் சொன்ன டிசைன்தான்னு சொன்னா யாரு நம்புவா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் "பேப்பேர்ர்ர்..." என்று குரல். பாய் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"போட்டுடாதீங்கம்மா, நான் எடுத்துக்கறேன்" என்றேன் அவசரமாக.

"உங்களுக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் புடிக்கலையே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு யோசித்தார்.

"புக்குல முதல் பக்கத்துல கதை எழுதினவர் பேரு வரும், படம் போட்டவர் பேரு வரும், தமிழ்ல எழுதினவர் பேருகூட வரும். இவரு பேரு வராது. அப்புறம் என் பேரு எங்கேயிருந்து வரும்? நீங்க போடுவீங்களா?"

"போடறேன்மா."

"போடுங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன்." வாசல் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் வாப்பா!"

ஆக, கட்டு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. இந்தப் பத்தி அச்சாகி அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் வாசகர்களே, மற்ற வாரங்களைப்போல ஊர் வம்பெல்லாம் இன்றைக்கு இல்லை. இவ்வளவுதான்:

படம்: வெளிநாட்டு ஓவியர். மை: பஷீர். உடை: மெஹருன்னிசா, கிழக்குத் தாம்பரம்.