கைப்பிசகு

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் லாச்சப்பல் கடைகளில் பால்மாத் தகரப் பேணி வாங்கினால், எங்கள் குசினி அண்ணை அடியைத் திருப்பித் திகதி பார்க்காமல் விடமாட்டார். நான் பரிமாறிய சாப்பாட்டுக் கடையில் அவர்தான் சமையல். பிள்ளை குட்டி கிடையாது, பாலும் குடிக்கமாட்டார். ஊருக்குப் போகிற யாரிடமாவது பேணியைக் கொடுத்து, "என்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ" என்பார். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

ஊரில் லொறி ஓட்டியவராம். பின்னுக்கு எடுக்கும்போது நின்றவனைக் காணவில்லை. செத்தது அவருடைய மாமாவின் ஒரே மகன். "கண்டால் வெட்டுவன்" என்று மாமா சொன்னதோடு ஊரைவிட்டு வந்தவர். கிழவர் இருக்கும்வரை திரும்புவதில்லை என்று முடிவு. பேணி போனது அந்தக் கிழவருக்குத்தான்.

நான் ஞாயிறு பள்ளியில் படித்தவள். பழைய இஸ்ரவேலில் கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் ஓடி ஒதுங்க ஆறு அடைக்கலப் பட்டணங்கள் இருந்தன என்று சொன்னேன். உள்ளே இருக்கும்வரை பழிவாங்க வருபவன் அவனைத் தொடமுடியாது. தலைமைக் குரு இறந்தால் வீட்டுக்குப் போகலாம்.

"கைப்பிசகு எண்டு சட்டத்திலையே கிடக்கோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு வெங்காயம் வெட்டியபடி, "அப்ப குரு கெதியாச் சாகவேணும் எண்டு உள்ளுக்கு இருந்தவங்கள் கும்பிட்டிருப்பாங்களே, தங்கச்சி?" என்றார்.

நான் குடியிருந்த சார்செலில், எங்கள் மாடியில் இருந்த யூதப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். அப்படிக் கும்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் குருவின் தாய் அவர்களுக்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுத்துவந்தாளாம் என்று சிரித்தார். அண்ணையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இவர் கதையில் எல்லாம் தலைகீழ். ஒதுங்கியவனே பால் அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்கு அவர்மேல் மரியாதையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

போன குளிர்காலத்தில் மாமா இறந்தார். பேணி கொண்டுபோனவரிடம் நம்பர் வாங்கி மாமி அழைத்தார். அண்ணையின் கை முழுக்க மாவு. நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா கடைசி மட்டும் அந்தப் பாலைத்தான் குடிச்சவர். ஆர் அனுப்பினது எண்டு முதல் பேணியிலையே தெரியும், தம்பி. வருவான் வருவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

"ஓம் மாமி" என்றார் அண்ணை.

"இனிப் போகலாம்தானே, அண்ணை?" என்றேன்.

"எப்பவோ போயிருக்கலாம்" என்றார்.