கசெற்றோடு ஓடிய விரல்கள்

குறிகட்டுவானில் நயினாதீவு லோஞ்சில் ஏறியதும், பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குக் கொண்டுபோன ரேப் ரெக்கோடரைப் போட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதல் படித்து ரீச்சரானவள் என்ற மிடுக்கு எனக்கு. கசெற்றும் புதியது. ஒரு நாதஸ்வர வித்துவான் இளமையில் தனியாக வாசித்தவற்றுக்கு ட்ரம்ஸ் சேர்த்து, வேகத்தைக் கூட்டி, மறுபடி வெளியிட்டிருந்தார்கள்.

எதிரே கடுக்கன் போட்ட வழுக்கைத் தலையர் ஒருவர் குடைக்கம்பில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“உது நான் வாசிச்சது, பிள்ளை.”

கசெற் அட்டையில் இருந்தவருக்குச் சுருள்முடி. “அப்ப ஏன் ஐயா விரல் பிந்துது?” என்றேன்.

“உந்த வேகத்திலை நான் ஒருநாளும் வாசிக்கேல்லை. நாளைக்குக் கலியாணவீட்டிலை கசெற்றிலை இருக்கிறமாதிரியே வாசிக்கட்டாம். ஏலாட்டி வேறை ஆளைப் பிடிப்பினமாம்.”

பற்றரிக்குத் தட்டுப்பாடான காலம். நடுக்கடலில் என் பற்றரி இறங்க, பாட்டும் தளர்ந்தது. விரல்கள் அதோடு அப்படியே பொருந்தின. அவரேதான்!

“இதுதான் என்ரை வேகம்!” என்று துள்ளினார். இறங்கும்போது, “உந்தப் பற்றரியளைத் தாருமன்,” என்றார்.

“செத்த பற்றரி என்னத்துக்கு ஐயா?”

“கலியாணவீட்டு ரேப் ரெக்கோடருக்கு. அவையின்ரை கசெற்றும் என்ரை வேகத்துக்கு வரட்டும்.”

மறுநாள் கலியாணவீட்டிலிருந்து காற்றில் வந்த நாதஸ்வரம் ஆறுதலாக, அவரின் வேகத்திலேயே, நிற்காமல் ஒலித்தது. கலைவிழாவில் பற்றரியில்லாமல், பாட்டில்லாமல் நின்ற என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கே ஆடினார்கள். அத்தனை சனத்துக்குள் பற்றரியை எப்படி மாற்றினார் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.