அறுநூற்றைம்பது சுற்று

செங்கம் சாலையில் ஒரு விடுதியில் சரோஜா சமைக்கிறாள். பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு இட்லி ஊற்றிப் போட்டதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வந்து பெட்டியை இறக்கினாலும் முதல் கேள்வி, "எத்தன மணி நேரம்?" சென்னையிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் பறக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். விமானத்தை மட்டும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

இந்த ஆவணியில் அவள் முறையும் வந்தது. சிட்னியில் மகள் கீர்த்தனாவுக்குப் பத்து நாளில் பிரசவம். டிக்கெட் எடுத்த பிறகுதான் காலண்டரைப் பார்த்தார்கள். கிளம்புகிற அன்றைக்குப் பௌர்ணமி.

மகளுக்குக் குழந்தை வேண்டி நாற்பத்தெட்டுப் பௌர்ணமி கிரிவலம் போவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். நாற்பத்தேழு முடிந்திருந்தது.

"சிட்னி ஒம்பதாயிரத்து நூறு கிலோமீட்டர். மல ஒரு சுத்து பதினாலு. அப்போ அறுநூத்தம்பது சுத்து! ஒண்ணு கம்மியானா சாமி கோச்சுக்குமா?" என்றான் கணவன் தருமன். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவன்.

"உக்காந்துகிட்டு போறதெல்லாம் சுத்தாங்க? வேண்டுதல முடிக்காம எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு பேரப்புள்ளய தூக்குறது?"

இருவரும் கணக்குப் போட்டார்கள். விமானம் ராத்திரி ஒன்பதே காலுக்கு. சிங்கப்பூரில் இறங்கி மாறி, மொத்தம் பதினைந்து மணி நேரம். மூன்று மணிக்கு வேன் கிளம்பினால் எட்டுக்குள் விமான நிலையம். பௌர்ணமி பிறப்பது காலை பத்தே முக்காலுக்கு. சுற்றி முடிக்க நாலு மணி நேரம். எல்லாம் சரியாக வந்தது.

கூட்டமெல்லாம் சாயங்காலத்துக்குத்தான் சேரும். உச்சி வெயிலில், வெறுங்காலில், நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்து சரோஜா நடந்தாள். வழியில் யாரோ மோர் நீட்டினார்கள். நிற்காமலே வாங்கிக் குடித்தாள். இரண்டரைக்கெல்லாம் ராஜகோபுரத்துக்குத் திரும்பிக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போன் போட்டாள்.

"முடிஞ்சிதுங்க! எங்க இருக்கீங்க?"

"செஞ்சி ரோட்ல. வண்டி உள்ள வரக்கூடாதுன்னு போலீஸ் இங்கயே நிறுத்திட்டாங்க. ஆட்டோவும் கெடையாது."

"அங்கேர்ந்து மூணு கிலோமீட்டராச்சே!"

சரோஜா போனில் மணியைப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"சிட்னி வரைக்கும் கணக்கு போட்டீங்களே, இத போட்டீங்களா?"

"நீ போட்டியா?"

அவள் போனை வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரத் தொடங்கியிருந்த கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாயிற்று. மூன்றே காலுக்கு வேனில் ஏறினாள். அதற்கப்புறம் தருமன் ஓட்டியதை அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் பொறுத்துக்கொண்டாள். பெட்டி போடும் இடத்தை மூடுவதற்குப் பத்து நிமிடம் இருந்தபோது வரிசையில் போய் நின்றாள்.

மறுநாள் சிட்னியில் கீர்த்தனா, நிறைமாத வயிற்றோடு, அம்மாவின் கால் கொப்புளங்களைப் பார்த்துப் பதறினாள். "ரொம்ப தூரமா இருந்துச்சாமா?"

"கோபுரத்துலேர்ந்து செஞ்சி ரோடு வரைக்கும்தாண்டி தூரம்" என்றாள் சரோஜா. "மீதிய உக்காந்துகிட்டேதான வந்தேன்."