மூச்சுத் தண்ணீர்

அக்கா குளியலறையில் நின்று டிராம்போன் என்கிற நீளமான பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் குழாயின் வளைவில் இருக்கும் சின்ன மூடியை அழுத்தி ஓர் ஊது ஊதுவாள். உள்ளே சேர்ந்திருக்கும் ஈரம் தரையில் சொட்டும். அதை மிதிக்காமல் நான் பல் தேய்த்த நாளே இல்லை.

"எச்சி ஓடுற வீட்டுல குடியிருக்கேன்" என்பாள் அம்மா.

"எச்சி இல்லம்மா. மூச்சுத் தண்ணி. கண்ணாடியில ஊதினா படியுதில்ல, அதுதான்."

"உன் வாயிலேருந்துதானே வருது? அப்ப எச்சிதான்."

நான் அம்மா கட்சி.

பள்ளிக்கூடத்து பேண்டைக் கலைத்தபோது, நசுங்கிப்போன அந்த வாத்தியத்தை யாரும் கேட்காததால் அக்கா வீட்டுக்குத் தூக்கிவந்தாள். பிறகு ஒரு பெரிய ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அறைகளிலும் வராந்தாக்களிலும் விரித்திருக்கும் கார்பெட்டுகளை மெஷின் வைத்துக் கழுவும் வேலை. தங்க வருகிறவர்கள் கார்பெட்டின் மேல் என்னென்ன செய்துவைக்கிறார்கள் என்று சாப்பிடும் நேரம் பார்த்துச் சொல்வாள். அம்மா தட்டோடு எழுந்து போய்விடுவாள்.

இசைக் கல்லூரியில் டிராம்போனையே முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. முன்பு விண்ணப்பித்தபோதெல்லாம் தேர்வு நாளில் லீவு கிடைக்கவில்லை. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதையும் விட்டால் ஆயுசுக்கும் கார்பெட்தான்.

இந்த முறை லீவு கிடைத்தது. தேர்வுக்குத் துணையாக நான் போனேன். உள்ளே வந்து பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். உட்கார்ந்த பிறகு ஏன் உட்கார்ந்தோம் என்றிருந்தது. ஜன்னல் திறக்காத அறை. சுவருக்குச் சுவர் சாம்பல் நிறக் கார்பெட். வாசிப்பவர் நிற்கும் இடத்தில் மட்டும் தட்டு அகலத்துக்குக் கருப்பாக ஓர் ஈரத்திட்டு. காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் குழாயைத் திறந்து விட்டது. போன வருஷத்து ஆட்கள் விட்டதும் அடியில் இருக்கும். வாடை அப்படிச் சொன்னது.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். குட்டை முடி வைத்த ஓர் அம்மாள். பக்கத்தில் டிராம்போன் பேராசிரியர், கனத்த உடம்பு. அக்கா வணக்கம் சொன்னபோது அவர் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். வெளியே எடுத்து, வந்ததை வெளிச்சத்தில் பார்த்து, மேஜைவிரிப்பின் ஓரத்தில் துடைத்துவிட்டு, "ம், ஆரம்பி" என்றார்.

முதல் உருப்படி வேகமானது. நன்றாகவே வாசித்தாள். முடிந்ததும் மூடியின் மேல் விரல் போனது. போன விரல் அங்கேயே நின்றது. அவள் கண் தரையைத் தேடியது. வீட்டில் குளியலறை, பேண்டில் மண் மைதானம். கார்பெட்டின் மேல் நின்று அவள் வாசித்ததே இல்லை. கழுவித்தான் பழக்கம். ஒரு துண்டு எடுத்துவர வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

திறக்காமலேயே இரண்டாவதைத் தொடங்கினாள். மெதுவான பாட்டு. நீளமான கீழ் ஸ்வரம் வந்தபோது அடைத்துக்கொண்ட வாஷ்பேசின் மாதிரி உள்ளே களகளவென்றது.

பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, வாய் கொப்பளிக்கிறியா? தண்ணியைக் கீழ விட்டுட்டு வாசி."

"கார்பெட் சார்."

"அதுக்கென்ன?"

"ஊறிடும் சார். அப்புறம் நாத்தம் போகாது."

"அதையெல்லாம் கழுவ ஆள் இருக்காங்க. நீ விடு."

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து வலது கால் ஷூவைக் கழற்றி, குழாயை அதற்குள் நீட்டி, மூடியை அழுத்தி ஊதினாள்.

"சீ!" என்றார் பேராசிரியர். மேஜைவிரிப்பில் இன்னும் அவருடைய காது மஞ்சளாக ஒட்டியிருந்தது. "என்ன பொண்ணும்மா நீ? மேடையில இப்படித்தான் பண்ணுவியா? எங்க வேலை பாக்கறே?"

"ஹோட்டல்ல, சார். கார்பெட் கழுவறேன்."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் கைக்குட்டையில் போய் முடிந்தது. கைக்குட்டையையும் பிரித்துப் பார்த்தார். நான் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

குட்டை முடி அம்மாள் தன் தாளைப் புரட்டினாள். "ரெண்டாவதை முதல்லேருந்து வாசிம்மா" என்றாள்.

ஒரு கால் ஷூவும் ஒரு கால் சாக்ஸுமாக நின்று அக்கா மறுபடி வாசித்தாள். அந்தக் கீழ் ஸ்வரம் இப்போது கரகரப்பில்லாமல் வந்து அறை முழுக்க நின்றது. குளியலறைக்கு வெளியே அதை நான் கேட்டது அன்றுதான். பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

மாலையில் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அக்காவுக்கு இடம் இருந்தது. 'மேடை ஒழுங்கு: தேறவில்லை, கண்காணிக்கவும்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த ஆள்கிட்டயா படிக்கப் போறே?" என்றேன் பஸ்ஸில்.

"வேற யாருகிட்ட? டிராம்போனுக்கு அவர் ஒருத்தர்தான்."

"உன்னை அவ்ளோ கேவலமா பேசினான். அசிங்கம் பிடிச்சவன்."

"அவர் காதை எவ்வளவு வேணா குடையட்டும்டா. நான் வாசிக்கறது நல்லா கேக்கும்."

"விளையாடாதே அக்கா. எனக்குக் குமட்டுது."

"உனக்கு நான் வாசிச்சாலே குமட்டும். எனக்குக் கோபம் இல்லைன்னு நினைக்காதே. கோபத்தை வெச்சு என்ன பண்ண? ஒரு ஷூ நாசமானதுதான் மிச்சம்."

மறுநாள் ஹோட்டலுக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

கல்லூரி திறந்து சில வாரங்களில், அதே அறையில் மாணவர்கள் வாசிக்கும் நாள் ஒன்று வந்தது. அம்மா புதுச்செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எனக்கு அந்த அறையை நினைத்தாலே வாடை அடித்தது. தலைவலி என்றேன்.

அக்கா வாசலில் நின்று வாத்தியப் பெட்டியைத் தோளில் மாட்டினாள். "தலைவலி எல்லாம் இல்ல, உனக்கு எங்க சாரைப் பிடிக்கலை. பிடிக்க வேண்டாம், வராதே. யம்மா, சீக்கிரம் வா. மூணாவது ஆளா நான் வாசிக்கணும்."