எட்டு என்று எழுதினார்

டைல்ஸ் போடும் அவருக்கு, தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயரான ரசமட்டம்தான் பட்டப்பெயர். தரையில் ஒரு நூல் ஏறி இறங்கினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுகிற மனுஷன். இருபத்தெட்டு வருஷம் குந்தியே வேலை பார்த்ததில் முதுகு போயிற்று. டாக்டர் அபின் வகை மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலி மட்டுப்பட்டது, கூடவே மலம் கல்லாகிப்போனது, வாய் வறண்டது, பட்டப்பகலில் தலை தொங்கியது. அந்த மப்பில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு வாட்டத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார். தண்ணீர் வடிகுழிக்குப் போகாமல் கதவுக்கு வந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன் கைகளே அவருக்குப் பிடிக்காமல் போயின. மாத்திரையைக் குறைத்தால்தான் இனி சிமெண்டு பூசும் கரணையைத் தொட முடியும்.

அதற்குத்தான் இந்தத் தியான வகுப்பு. ஆஸ்பத்திரி மாடியில், பத்துப் பேரின் வேர்வை ஊறிய பாய்கள். வலியோடு சண்டை போடாதீர்கள், சும்மா கவனியுங்கள் என்று பயிற்சி தரும் அம்மா குழைந்து குழைந்து பேசும்போது அவருக்கு உடம்பெல்லாம் கூசும். பக்கத்துப் பாயில் லாரி டிரைவர் குறட்டை விடுவார். ஆனாலும் என்ன கண்றாவியோ, மூன்றாம் வாரம் மூச்சைக் கவனித்துக் கிடக்கையில் பத்துக்கு எட்டாக இருந்த வலி ஆறுக்கு இறங்கிவிட்டது. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில், வலி பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிரைவர் காதோரம் வந்தார்.

"ஆறுன்னு எழுதித் தொலைச்சிடாதீங்கண்ணே. மாத்திரையை மொத்தமா நிறுத்திடுவாங்க. நாங்க எல்லாருமே எட்டுதான்."

மாத்திரை குறைய வேண்டும் என்று வந்தவர், குறைந்துவிடுமோ என்று நடுங்கினார். எட்டு என்று எழுதினார்.

டாக்டர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. தியானம் சரிப்படவில்லை என்று வகுப்பை நிறுத்திவிட்டு, மாத்திரையைக் கூட்டி எழுதினார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "வலி இறங்கினதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப மாத்திரை குறையும்ல? சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்."

முகமெல்லாம் சிரிப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, கூட்டிய மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். தன் எச்சிலே தனக்குக் குமட்டியது.