'கலாநிதி' என்று போட்ட கடிதம்

போன வருடம் ஹட்டன் நகரில் மலையகத்து அறிஞர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தோம். ஆசிரியனான நான்தான் விழாச் செயலாளர். விஞ்ஞானம், வரலாறு, இலக்கியம் என்று பட்டியல் போட்டதும் நான், அழைப்பு அனுப்பியதும் நான்.

அதில் ஒருவர், லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தேயிலை மண்ணை ஆராய்ந்து கலாநிதி என்கிற டாக்டர் பட்டம் வாங்கிய அம்மா. ஓய்வு பெற்றபின் தங்கையோடு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே வந்து குடியிருந்தார். அவருடைய போன் நம்பர் கிடைக்கவில்லை. பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். பதிலே இல்லை.

விழாவில் அவர் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டேன். யாரும் எழுந்து வரவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பெரிய ஆளாயிட்டா மலையை மறந்துர்றாங்க!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். மண்டபமே கை தட்டியது. சனியன் பிடித்த வாய்!

மறுநாள் அவருக்காக வைத்திருந்த கேடயத்தையும் தூக்கிக்கொண்டு, நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்றே அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். வழி கேட்க அங்கே நுழைந்தால், என் கடிதம் பிரிக்காமலே மேசை ஓரத்தில் கிடக்கிறது.

"லயத்துல கலாநிதி யாருங்க சார் இருக்கா? மாறி வந்துருச்சுன்னு வச்சிட்டோம்" என்றார் கிளார்க்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். இப்படி ஆபீசில் முடங்கிய ஒரு கடிதத்தால் என் அண்ணனுக்குக் கிடைக்க இருந்த வேலையே போனது. டவுனுக்குக் குடிவந்த பிறகு எனக்கு அதெல்லாம் எப்படித்தான் மறந்ததோ!

கடிதத்தை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அந்த அம்மா வீட்டு வாசலிலேயே நின்றார். விழா வீடியோவை யாரோ அவருக்குக் காட்டியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு, கடிதத்தையும் கேடயத்தையும் நீட்டினேன். கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"விழா நோட்டீஸ்ல எம் பேரைப் பாத்துட்டு, காயிதம் வரும் வரும்னு காத்துக்கிட்டுத்தாங்க இருந்தேன். கூப்புடாம எப்புடி வர்றது? கேடயத்தை நீங்களே கொண்டுபோயிருங்க. மைக்குல சொன்னதை யாருகிட்டப் போயி திருப்பி வாங்குவீங்க?"

வீடு தேடி வந்தவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காத லயத்தை அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் தப்பே இல்லை.

அந்தக் கேடயம் இன்னும் என் அலுமாரியில்தான் கிடக்கிறது. மலையை மறந்தது யாரென்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெரிகிறது. அன்று கை தட்டியவர்களுக்குத்தான் இன்றுவரை தெரியாது.